இரண்டு படி தவிடும் அக்தரங்கநாயகியும்

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த பட்டாபி, வழக்கம்போல் செருப்பைக் கழற்றியதும் தூளிக்குள் எட்டிப் பார்த்தான். குழந்தையைக் காணோம். தூளிக்குக் கீழே ஒரு முறம் இருந்தது. முறம் நிறையத் தவிடு இருந்தது.

"வத்சலா! கொழந்த எங்கடி?"

அடுக்களையில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த வத்சலா திரும்பிப் பார்க்கவில்லை.

"வித்துட்டேன்," என்றாள். "கைகால் கழுவிகினு வாங்க, சோறு ஆறுது."

சதுரங்கப்பட்டினம் பஞ்சாயத்து போர்டில் பட்டாபி பிறப்பு-இறப்பு குமாஸ்தா. ஊரில் எவன் பிறந்தாலும் எவன் போனாலும் இவன் பேனாவைத் தாண்டித்தான் வரவும் போகவும் வேண்டும். பத்து வருஷ சர்வீஸில் பெயர்கள் விஷயத்தில் அவனுக்கு ஒரு திமிர் ஏறியிருந்தது. பிள்ளை தங்க வேண்டுமென்று குப்பை, பிச்சை, தவிட்டான் என்று பெயர் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நிறுத்தி வைத்து விசாரணை நடத்துவான்.

"எமன் இன்னா எழுதப் படிக்கத் தெரிஞ்சவனா? குப்பைன்னு போட்டிருந்தா வாசல்லயே பாத்துட்டுத் திரும்பிடுவானா?" என்பான். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பெயர் சொன்னவன் மட்டும் சிரிக்க மாட்டான்.

அப்பேர்ப்பட்ட பட்டாபியின் பெண்தான் இப்போது இரண்டு படி தவிட்டுக்குப் போயிருந்தது.

தவிட்டுக்கு விற்பது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததை விற்றுவிடுவார்கள். பிள்ளைகள் கல்லுக்குண்டாக ஓடியாடுகிற இன்னொரு வீட்டுக்காரி தவிட்டை அளந்து போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிப்போவாள். கொஞ்ச நேரம் தன் வீட்டில் வைத்திருந்து, "என் புள்ளைய எனக்காக வளத்துக் குடு" என்று பெற்றவளிடமே திருப்பித் தருவாள். ஆண் பிள்ளையானால் அடையாளத்துக்கு மூக்கையும் குத்திவிடுவார்கள். எமன் வந்து பார்த்தால் இந்த வீட்டில் பிள்ளையே கிடையாது. இருப்பது அடுத்த வீட்டுச் சரக்கு. பிற்பாடு கல்யாணம் கார்த்திகை என்று வரும்போது ஏதாவது கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். நிபந்தனை இரண்டு: வாங்குகிறவள் வேற்று மனுஷியாக இருக்க வேண்டும், சொந்தத்துக்குள் விற்றால் செல்லாது. பெயர் வைக்கிற உரிமை வாங்கினவளுக்கு.

"யாருக்குடி வித்த?"

"கோட்டைத் தெரு சுல்தான் பீவிக்கு. ஏழு பெத்தாங்க, ஏழும் கீது."

பட்டாபி அதற்குமேல் நிற்கவில்லை. அவனுக்கு எமனைப் பற்றிக் கவலை இல்லை, பெயரைப் பற்றித்தான் கவலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் அம்மா ரங்கநாயகி காலமானபோது, அந்தப் பெயரை இறப்பு ரெஜிஸ்டரில் அவனே எழுத வேண்டியிருந்தது. எழுதி, மை காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இதே கையால் இதே பெயரைப் பிறப்பு ரெஜிஸ்டரில் எழுதியே தீருவது என்று அன்றைக்கே மனசுக்குள் சத்தியம் பண்ணிவிட்டான். அது நடக்காவிட்டால் அம்மாவுக்குத் தான் பண்ணிய காரியம் பாதியில் நிற்கிறது என்பது அவன் எண்ணம்.

முறத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பினான். நெற்றி நிறைய நாமம், கையில் ஒரு முறம் தவிடு.

"இன்னா குமாஸ்தா, மாடு வாங்கிட்டியா?" என்றான் எதிரே வந்த ஒருவன்.

"ஆமா, உன்னாட்டம் ஒண்ணு," என்று சொல்லிவிட்டு நடந்தான். அதற்குள் தெருவில் நாலு வாசலில் தலைகள் தெரிந்தன.

சுல்தான் பீவியின் வீடு டச்சுக் கோட்டை மதிலை ஒட்டி இருந்தது. அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாய்வு நாற்காலியில் அவள் மாமனார் ஜெயினுலாபுதீன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். முப்பது வருஷத்துக்கு மேல் ரங்கூனில் கடை வைத்திருந்துவிட்டுப் போன மாசம்தான் ஊர் திரும்பியிருந்தார். காதும் கொஞ்சம் மந்தம். வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம்தான் உத்தியோகம்.

பட்டாபி முறத்தைத் தரையில் வைத்தான். "பீவியம்மா, உங்க தவிடு. எம்பொண்ணக் குடுங்க."

"வித்தத வாபஸ் கேக்கறியா தம்பி? எங்க மாமா ரங்கூன்ல அத்தினி வருசம் கடை நடத்தினாரு, ஒரு ஊசிகூட வாபஸ் எடுத்ததில்ல."

"இது ஊசி இல்ல, எம்பொண்ணு!"

"நேத்து வரைக்கும்."

"பேரு நான்தான் வெப்பேன். எங்கம்மா பேரு."

சுல்தான் பீவி சுண்ணாம்பு விரலைச் சுவரில் துடைத்தாள். "தோ பாரு தம்பி. பேரு பெருசா ஒண்ணும் நெனைக்கல நானு. 'தவிட்டம்மா'ன்னு மூணு தரம் கூப்ட்டுட்டு, அப்பால நீ உன் இஷ்டத்துக்கு எதையோ வெச்சிக்கன்னு சொல்லலாம்னு இருந்தேன். நீ முறத்தத் தூக்கிகினு தெருவெல்லாம் ஊர்கோலம் வந்து என் மானத்த வாங்கிட்ட. இப்ப சொல்றேன் கேட்டுக்க. எங்கம்மா பேரு அக்தர் பேகம். மவராசி, போயி நாலு வருசமாச்சி. அதான் என் பொண்ணுக்குப் பேரு."

"அதெல்லாம் முடியாது. இந்தாங்க, தவிட்ட அளந்து எடுத்துக்குங்க."

அவன் குனிந்தபோது அளப்பதற்கு ஒன்றும் இல்லை. கோட்டை மதிலில் மேய்ந்துகொண்டிருந்த அவளுடைய வெள்ளாடு எந்தப் பக்கமாக வந்ததோ, முறத்தை நக்கிச் சுத்தம் பண்ணிவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தது.

"போச்சா? இப்ப வாபஸ் குடுக்கறதுக்கும் ஒண்ணுமில்ல," என்றாள் சுல்தான் பீவி. "எம்பொண்ணுக்குப் பசிக்குது. உன் பொண்டாட்டியாண்ட குடுத்து எனக்காக வளக்கச் சொல்லு. நாளன்னிக்கு முப்பதாம் நாளு, பேரு வெக்க வந்துடறேன்."

குழந்தையோடும் காலி முறத்தோடும் பட்டாபி திரும்பி வந்தான். அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் மூளை அதற்குள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. ரெஜிஸ்டர் யாரிடம் இருக்கிறது? அவனிடம். பேனா? அவனிடம். வீட்டில் எவள் என்ன பெயர் வைத்தால் என்ன, சர்க்கார் ரெஜிஸ்டரில் ஏறினதுதானே பெயர்?

ஆபீசுக்குப் போன கையோடு ரெஜிஸ்டரை விரித்து, 'ரங்கநாயகி' என்று முத்து முத்தாக எழுதினான். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் பியூன் அப்பாசாமியிடம் கையெழுத்து வாங்கினான்.

"அண்ணாத்த, இத யாராண்டயும் சொல்லாத."

"எனுக்கு இன்னா வேல அதுல?" என்றான் அப்பாசாமி. சாயங்காலம் டீக்கடையில் அவன் யாரிடமும் சொல்லவில்லைதான். எல்லோரிடமும் பொதுவாகத்தான் சொன்னான்.

மறுநாள் செங்கல்பட்டிலிருந்து ஆபீசர் ராமானுஜம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். எட்டுக் கண்ணும் விட்டெறிகிற ஆசாமி. பிறப்பு ரெஜிஸ்டரை அவர் கையில் எடுத்த நேரம் பார்த்து, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சுல்தான் பீவி உள்ளே வந்தாள். வத்சலாவிடம் கடைத்தெரு வரைக்கும் என்று சொல்லிவிட்டுத் தூக்கி வந்திருந்தாள்.

"எம்புள்ளைக்கு என்னக் கேக்காம பேரு எழுதிட்டானாமே இந்தாளு? எழுதலாமா சார்?"

ராமானுஜம் பக்கத்தைப் பார்த்தார். "உங்க பிள்ளையா? இதில தாயார் வத்சலான்னு இருக்கே."

"அது பெத்தவ. நான் வாங்கினவ."

"வாங்கினதா? என்ன விலைக்கு?"

"ரெண்டு படி தவிடு. உமி கலக்காத சுத்தமான தவிடு சார்."

ராமானுஜம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "என்னய்யா பட்டாபி, உத்தியோகத்தில் இருக்கிறவன் மேலிடத்து அனுமதி இல்லாம வியாபாரம் பண்ணக் கூடாதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"ஐயோ சார், இது வியாபாரம் இல்ல சார்!"

"சரக்கு இருக்கு, விலை இருக்கு. வாங்கினவங்க நேரிலேயே வந்து நிக்கறாங்க. வியாபாரத்துக்கு இன்னும் என்ன வேணும்?"

பட்டாபி வரிசையைத் திரும்பிப் பார்த்தான். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர், அவன் ஒரு காலத்தில் விசாரணை நடத்திய, குப்பைகளையும் பிச்சைகளையும் பெற்றவர்கள். அவர்கள் சொர்க்கவாசல் திறப்பதைப் பார்க்கிற பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"இவங்க எங்க அக்கா சார். சும்மா உரிமையில கேக்கறாங்க."

"சுல்தான் பீவி?"

"ஆமா சார்."

"பட்டாபிராமனுக்கு அக்கா?"

"கொஞ்சம் தூரத்து சொந்தம் சார்."

"தூரமெல்லாம் இல்ல சார், தோ கோட்டைத் தெருவுலதான் கீறாங்க," என்றான் அப்பாசாமி.

நாமம் போட்ட ஒருத்தன் பத்துப் பேர் முன்னால் அக்கா என்று கூப்பிட்டதில் சுல்தான் பீவிக்கு வந்த கோபமே மறந்துபோயிற்று. அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது. "ஆமா சார், என் தம்பிதான்," என்றாள். "கொஞ்சம் புத்தி கம்மி. நாங்கதான் பாத்துக்கணும்."

ராமானுஜம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிவப்பு மைப் பேனாவை எடுத்து, 'ரங்கநாயகி' என்ற பெயரின் குறுக்கே ஒரு கோடு இழுத்துச் சுருக்கொப்பம் போட்டார்.

"குடும்பத்துக்குள்ள தகராறு இருக்கிறபோது எழுதக் கூடாது. நாளைக்குப் பேர் வைக்கிறதுக்கு நானே வரேன். மாமல்லபுரம் பங்களாவிலதான் தங்கியிருக்கேன். நீங்க வைக்கிற பேரை என் கையாலேயே எழுதிடறேன். நீங்க உண்மையிலேயே அக்கா தம்பிதானான்னும் பார்த்துடறேன். இல்லைன்னு தெரிஞ்சுதோ, ரிப்போர்ட்தான்."

பட்டாபி அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா பெயரைச் சிவப்பு மையில் அடித்தாயிற்று. அதற்குத் தானே இடம் கொடுத்ததை நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. ஆபீசில் அழக் கூடாது என்று அழவில்லை.

வீட்டுக்குப் போனால் அங்கே வத்சலா அழுதுகொண்டிருந்தாள். டீக்கடை அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"பத்து பேரு முன்னாடி அக்கான்னு சொல்லிட்டு வந்தீங்களாமே? சொந்தத்துல வித்தா செல்லாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"எமன் பேச்சுக் கேக்க மாட்டானா? உங்க ஆபீசரு கேட்டா மாதிரி அவனும் கேட்டிருப்பான்." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "உங்கம்மா பேரு போனா ஒரு பேருதாங்க போவுது. முன்ன ரெண்டு போச்சே, ரெண்டு தரமும் நீங்கதான எழுதினீங்க அந்த நோட்டுல? மூணாவதும் எழுதணுமா?"

பட்டாபி தூளிப் பக்கம் திரும்பினான். எழுதியது உண்மை. ஒன்று ஆறு மாசம், இன்னொன்று பதினாலு நாள். எமனுக்குப் படிக்கத் தெரியுமா என்று வரிசையில் நிற்கிறவர்களைக் கேட்ட வாய்தான், அந்த இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. அவன் தூளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

கொஞ்ச நேரம் கழித்து, பழைய ஆபீஸ் ஃபாரம் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் எழுத ஆரம்பித்தான்.

"ரங்கபேகம்?"

"நாடகக் கம்பெனில டான்ஸ் ஆடறவ பேரு மாதிரி கீது."

"பேகநாயகி?"

"வேகமா ஓடறவளா?"

நாலைந்து அடித்துப் போட்டான். பிறகு ஒன்றை எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தான். "அக்தரங்கநாயகி," என்றான் மெதுவாக. இன்னொரு தரம் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தான். அக்தரும் முழுசாக இருந்தது, ரங்கநாயகியும் முழுசாக இருந்தது, எங்கே ஒட்டினான் என்று தெரியவில்லை.

வத்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முன்னாடி அவங்க பேருதான வருது? அப்ப எமன் முதல்ல அதப் படிச்சிட்டு, இது வேற வூடுன்னு போயிடுவான். நல்லா கீது."

சாயங்காலமே இரண்டு பேரும் கோட்டைத் தெருவுக்குப் போனார்கள். அக்கா என்றது ஆபீசருக்காகச் சொன்ன பொய், தவிட்டு விஷயத்தில் சுல்தான் பீவி அந்நியம்தான் என்று முதலில் வத்சலா அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்புறம் பட்டாபி பெயரைச் சொன்னான். சுல்தான் பீவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"எங்கம்மா முன்னாடி, உங்கம்மா பின்னாடி. ஒரே வண்டில ரெண்டு பேரும் ஒக்காந்து போறா மாதிரி கீது," என்றாள். "போவட்டும். பேச்சுத்துணை ஆச்சி."

இத்தோடு விட்டிருந்தால் பட்டாபி மனுஷன். ஆனால் விடிந்தபோது அவனுக்கு வேறு வியாதி பிடித்திருந்தது. இப்படி ஒரு பெயர் உலகத்தில் வேறு எவருக்காவது உண்டா? ஆபீசைத் திறந்ததும் பழைய ரெஜிஸ்டர்களை எல்லாம் இறக்கித் தூசி தட்டிப் புரட்டினான். ரொம்பப் பழையதைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தில் அக்தரங்கநாயகி மட்டுமில்லை, இந்த மாதிரி ஒட்டுப்போட்ட பெயர் ஒன்றுகூட இல்லை. மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. அம்மா பெயருக்காக ஆரம்பித்தவன், இப்போது கண்டுபிடித்தவன் நான்தான் என்கிற இடத்துக்கு வந்துவிட்டான்.

விசேஷத்துக்கு நல்ல கூட்டம். தவிட்டு விஷயம் கேள்விப்பட்டுக் கூப்பிடாதவர்களும் வந்திருந்தார்கள். ஆபீசர் ராமானுஜம் ரெஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுல்தான் பீவி குழந்தைகளோடும் ஒரு தட்டு கல்கண்டோடும் வந்தாள். தனியாக விட்டுவர முடியாமல் மாமனாரையும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் உட்கார்ந்த மறுநிமிஷம் தூங்கிவிட்டார்.

சுல்தான் பீவி குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னாள். "எம்பொண்ணு அக்தரங்கநாயகிய எனக்காக வளத்துக் குடு," என்று வத்சலா கையில் கொடுத்தாள். வத்சலா குழந்தையை வாங்கிய வேகத்தில் அதன் முகம் மார்போடு புதைந்துபோயிற்று. இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

"அந்தரங்கநாயகியா?" என்றார் ராமானுஜம், பேனா மூடியைத் திறந்துகொண்டே.

"அக்தரங்கநாயகி சார்!" பட்டாபிக்கு இதற்காகத்தான் காத்திருந்தது போலாயிற்று. எழுந்து நின்று மேல்துண்டைச் சரிபண்ணிக்கொண்டான். "பெரியோர்களே! இந்த மாதிரி ஒரு பேரு இதுக்கு முன்னாடி இந்த ஊர்ல வெச்சது கிடையாது. ரெஜிஸ்டர் பூரா தேடிட்டேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. இந்தத் தவிடு சமாச்சாரத்துல எனக்கு நம்பிக்கையும் கிடையாது. எங்க வம்சத்துல தவிட்டுக்குப் போன ஆளே இல்ல. எங்கம்மா ரங்கநாயகி அம்மாளுக்கு இதெல்லாம் கட்டோட பிடிக்காது. ஏதோ பொம்பளைங்க மனசு நோவக் கூடாதுன்னு..."

"எந்த ரங்கநாயகி?"

ஓரத்து நாற்காலியிலிருந்து வந்தது குரல். ஜெயினுலாபுதீன் கண்ணைத் திறந்திருந்தார்.

"எங்கம்மா," என்றான் பட்டாபி, பேச்சு தடைப்பட்ட எரிச்சலில் சத்தமாக. "தபால்காரரு திருவேங்கடம் சம்சாரம்."

"கிட்ட வா."

பெரியவர் கூப்பிடுகிறாரே என்று போய்க் குனிந்தான். அவர் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, வலது மூக்கின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். அங்கே சின்னதாக ஒரு குழி உண்டு. அம்மை போட்ட தழும்பு என்றுதான் அவன் இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தான். கிழவருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ராமானுஜம் எழுதாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா? இன்னா ஆச்சி?" என்று சுல்தான் பீவி பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

அவர் கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "ஏ சுல்தானு, முப்பத்தாறு வருசத்துக்கு முன்னால ஒரு படி தவிட்டுக்கு இவன வாங்கி, மூக்கக் குத்தி, 'ஜெயினுலாபட்டாபி'ன்னு பேரு வெச்சதே நான்தான், இன்னி வரைக்கும் எவனும் மீட்டுகினு போவல; என் சொந்தப் பேத்தியப் போயி எவளாவது ரெண்டு படி குடுத்து வாங்குவாளா?"